பிரான்சுக்குப் படிக்கப் போகும் புதுச்சேரி, கடலூர் பிள்ளைகளுக்கு: வாடகை வீடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல், மே வந்துவிட்டால் இந்தக் கேள்விகளும் வந்துவிடும். அட்மிஷன் கிடைத்துவிட்டது, விசா வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கே தங்குவது என்பது மட்டும் தெரியவில்லை. புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் பிரான்சுக்குக் கிளம்பும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கணக்குக்கு ஒரு யூரோ ஏறக்குறைய 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சொற்களை அங்கே பேசுகிற உச்சரிப்பை ஒட்டியே எழுதியிருக்கிறேன், வீட்டுக்காரர் வாயில் அந்தச் சொல் வரும்போது நீங்கள் முழிக்கக் கூடாது என்பதற்காக.

எப்போதிலிருந்து தேட வேண்டும்? ஆகஸ்டில் போய் இறங்கிப் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். வகுப்புகள் செப்டம்பரில் தொடங்கும், அந்த ஊரில் படிக்க வரும் எல்லோரும் அதே நேரத்தில்தான் வீடு தேடுவார்கள். ஆகஸ்டில் பாதி பிரான்ஸ் விடுமுறையில் இருக்கும், ஏஜென்சிக்கு போன் போட்டால் எடுக்க ஆள் இருக்காது. அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்தே ஆரம்பியுங்கள், ஜூன், ஜூலையில் மும்முரமாகத் தேடுங்கள். விசாவுக்கும் தங்குமிடம் எங்கே என்று கேட்பார்கள் என்பதால் எப்படியும் தள்ளிப்போட முடியாது.

இன்னொரு விஷயம், செப்டம்பரில் நல்ல வீடு கிடைக்காதவர்கள் மனம் உடைந்துவிட வேண்டாம். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், ஊர் மாறியவர்கள் என்று அக்டோபரில் கொஞ்சம் அறைகள் காலியாகும், செமஸ்டர் மாறும் ஜனவரியிலும் அப்படித்தான். அதுவரை தாக்குப்பிடிக்க ஒரு தற்காலிக இடம் இருந்தால் போதும்.

நம்ம ஊரில் வீடு பிடிப்பதற்கும் அங்கே பிடிப்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்?

லாஸ்பேட்டையிலோ மஞ்சக்குப்பத்திலோ வீடு வேண்டுமென்றால் என்ன செய்வோம்? டூ-லெட் போர்டு பார்ப்போம், புரோக்கரிடம் சொல்வோம், வீட்டுக்காரரிடம் போய் எந்த ஊர், என்ன வேலை, சைவமா அசைவமா என்று நாலு வார்த்தை பேசுவோம், அட்வான்ஸைக் கையில் கொடுத்தால் சாவி வந்துவிடும். அங்கே ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் காகிதங்களைப் பார்ப்பார்கள். கை நிறையப் பணம் வைத்திருந்தாலும், வாடகை வராவிட்டால் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இல்லையென்றால் வீடு கிடையாது. ஆறு மாத வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டிவிடுகிறேன் என்று நம் அப்பாக்கள் சொல்வார்கள், அதைக் கேட்டதும் அவர்களுக்குச் சந்தேகம்தான் வரும்.

அதனால் வீடு தேடும் வேலையில் பாதி புதுச்சேரியிலேயே, விமானம் ஏறுவதற்கு முன்பே நடக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

காரான், காரான் என்கிறார்களே, யார் அது?

ஜாமீன் நிற்பவர். நீங்கள் வாடகை கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுப்பவர். பொதுவாகப் பிரான்சிலேயே இருப்பவராக, வாடகையைப் போல மூன்று மடங்கு மாதச் சம்பளம் வாங்குபவராகக் கேட்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை இல்லை, பிரான்சில் குடியிருக்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு ஜாமீனை மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில், புதுச்சேரியில் அரசு வேலை பார்க்கும் அப்பாவின் சம்பளச் சீட்டை நீட்டினால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள்.

இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது: விசால். ஆக்சியோன் லோஜ்மான் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் வாடகை உத்தரவாதம் இது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம், வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு. மாணவர் விசா கையில் வந்ததும் இணையத்தில் பதிவு செய்தால், எவ்வளவு வாடகை வரை உத்தரவாதம் தருவோம் என்று போட்டு ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதை வாங்கிவிட வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டு தன் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும். சிலர் எனக்கு இது வேண்டாம் என்பார்கள், அவர்களை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன, ஆனால் விசால் கிடைக்கும்போது அதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

தொசியேயில், அதாவது வீட்டுக்காரரிடம் கொடுக்கும் காகிதக் கட்டில், என்னென்ன வைக்க வேண்டும்?

பாஸ்போர்ட், விசா, அட்மிஷன் கடிதம், ஸ்காலர்ஷிப் இருந்தால் அதன் கடிதம், பணம் எங்கிருந்து வரும் என்பதற்கான ஆதாரம், விசால் சான்றிதழ் அல்லது ஜாமீன் நிற்பவரின் அடையாளச் சான்று, சம்பளச் சீட்டுகள், வரி அறிவிப்பு. எல்லாவற்றையும் வரிசையாக ஒரே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். பிரெஞ்சு அரசே தொசியே-ஃபாசில் என்று ஓர் இலவச இணையச் சேவை நடத்துகிறது, அதில் ஏற்றினால் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே நீர்முத்திரை போட்டு ஓர் இணைப்பாகத் தருவார்கள். கண்டவர் கையில் பாஸ்போர்ட் நகல் போய்ச் சேராமல் இருக்க இது ரொம்பவும் உதவும்.

வீட்டுக்காரர் எதை எல்லாம் கேட்கலாம் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. வங்கி ஸ்டேட்மெண்ட் அதில் இல்லை. வீட்டை உங்களுக்காக நிறுத்தி வைக்கிறேன், முதலில் ஒரு தொகை அனுப்பு என்று கேட்பதும் சட்டப்படி கூடாது.

இந்த வேலையோடு சேர்த்துப் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து வையுங்கள், பெற்றோர் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான அப்போஸ்தில் முத்திரை போட்டு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் தயார் செய்துகொள்ளுங்கள். மருத்துவக் காப்பீட்டுக்கும் அரசு உதவிக்கும் கேட்பார்கள், அங்கே போன பிறகு அம்மாவை நகராட்சிக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைய வைப்பதைவிட இப்போதே முடித்துவிடலாம்.

க்ரூஸ் ஹாஸ்டலில் இடம் கிடைக்குமா? அதுதான் மலிவு என்கிறார்களே?

மலிவுதான். க்ரூஸ் என்பது மாணவர்களுக்கான அரசு அமைப்பு. அதன் விடுதிகளில் 9 சதுர மீட்டர் அறை மாதம் 250 யூரோ, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் முதல் உரிமை அங்குள்ள அரசு உதவித்தொகை மாணவர்களுக்குத்தான். நேரடியாக அட்மிஷன் வாங்கிப் போகும் இந்திய மாணவருக்கு முதல் சுற்றில் கிடைப்பது அபூர்வம்.

இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. பல பல்கலைக்கழகங்கள், முக்கியமாக எக்ஸ்சேஞ்ச் முறையில் வருபவர்களுக்காக, க்ரூஸில் கொஞ்சம் அறைகளை ஒதுக்கி வைத்திருக்கும். அட்மிஷன் வந்த வாரமே அங்குள்ள சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு, எனக்கு க்ரூஸ் அறை வேண்டும், எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு மெயில் போடுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் போடுங்கள், தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். இரண்டாவது, முதல் சுற்று முடிந்து மீந்த அறைகளை ஜூலை தொடக்கத்தில் க்ரூஸ் தன் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்துவிடும். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் போடுகிற கதைதான், கணக்கை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு, திறக்கும் நேரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கிடைக்கும். பிறகும் விட்டுவிடாமல் தினமும் பாருங்கள், யாராவது ரத்து செய்துகொண்டே இருப்பார்கள்.

பாரிஸா, வேறு ஊரா? வாடகை எவ்வளவு வரும்?

பாரிஸில் சமையல் மூலையோடு ஒரு சின்ன ஸ்டூடியோ 800 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். லியோன், போர்தோ, ரென் போன்ற ஊர்களில் அதைவிடக் குறைவு, ஆனால் வீடு கிடைப்பது கடினம். சேந்த்-எத்தியென், லிமோஜ், புவாத்தியே மாதிரி ஊர்களில் 400 யூரோவுக்குள்ளேயே தனி ஸ்டூடியோ பார்க்கலாம். விசாவுக்கு மாதம் 615 யூரோ காட்டச் சொல்வது பல வருடங்களாக இருக்கும் அளவு. அந்தப் பணத்தில் பாரிஸில் தனி வீடு எடுத்து வாழ முடியாது. ஒரே படிப்புக்கு இரண்டு ஊரில் அட்மிஷன் கிடைத்தால் வாடகையையும் ஒரு காரணமாக வைத்து முடிவெடுங்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். பேருக்குப் பாரிஸ் என்று போய், வாடகைக்காகவே வேலை பார்த்து, படிப்பைக் கோட்டைவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மாணவர் விசாவில் வருடத்துக்கு 964 மணி நேரம் வரைதான் வேலை பார்க்க அனுமதி, அதை வைத்துப் பாரிஸ் வாடகையைச் சமாளிப்பது பெரும்பாடு.

பாரிஸ்தான் என்று ஆகிவிட்டால், 14-ஆம் வட்டாரத்தில் உள்ள சித்தே யூனிவெர்சித்தேருக்குக் கண்டிப்பாக விண்ணப்பியுங்கள். 1925-ல் தொடங்கிய சர்வதேச மாணவர் வளாகம் அது, நாடு நாடாகத் தனித்தனி இல்லங்கள், இந்தியாவுக்கும் மேசோன் தெ லேந்த் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் மேற்படிப்பு மாணவர்களுக்கானது. மற்றபடி புறநகரில் வீடு பார்ப்பதில் தவறே இல்லை, மாணவர்களுக்கான வருடாந்திரப் பயண அட்டை எல்லா மண்டலத்துக்கும் ஒரே விலைதான், தூரத்தில் இருந்தால் அட்டைக்குக் கூடுதல் காசு கிடையாது. ரயில் நிலையத்திலிருந்து வீடு நடக்கும் தூரமா என்று மட்டும் பாருங்கள்.

என் சித்தப்பா பாரிஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறார். அங்கேயே தங்கிப் படிக்கலாமா?

புதுச்சேரிக்காரர்களுக்கு இருக்கும் பெரிய பலம் இது. அந்த வீட்டைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் முறையாக.

முதல் சில வாரங்களுக்கு உறவினர் வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. தங்க இடம் கொடுப்பதோடு அவர் இன்னொன்றும் செய்ய வேண்டும்: அத்தெஸ்தாசியோன் தெபெர்ழ்மான் என்ற ஒரு பக்கக் கடிதம். இன்னார் என் வீட்டில், இந்த முகவரியில், இந்தத் தேதியிலிருந்து தங்கியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் அடையாள அட்டை நகலையும் சமீபத்திய கரண்ட் பில்லையோ வாடகை ரசீதையோ சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதை வைத்துத்தான் வங்கிக் கணக்கு, போன் எல்லாம் நகரும். வந்து மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும், அதற்கும் முகவரி வேண்டும்.

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கிளம்புவதற்கு முன்பே சித்தப்பாவிடமும் சித்தியிடமும் எத்தனை நாள் என்று பேசிவிடுங்கள். அங்கே வீடு சின்னது, அவர்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், விடியற்காலை வேலைக்குக் கிளம்புவார்கள். இரண்டு வாரம் என்று நினைத்து அவர்கள் சரி சொல்லியிருப்பார்கள், இரண்டு வருடம் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். அந்த மனக்கசப்பு பல வருடம் நிற்கும். சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் மாதம் இவ்வளவு என்று கொடுப்பதாக நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது, அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

நிரந்தரமாக அங்கேயே தங்கலாமா என்பது கல்லூரி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாரிஸின் வடக்கு ரயில் நிலையமான கார்-துய்-நோர் பக்கமோ அதே ரயில் பாதையிலோ என்றால் தாராளமாக. ஊரின் தெற்குக் கோடியில் என்றால் போக வர ஒரு நாளில் மூன்று மணி நேரம் போய்விடும், ரயில் வேலைநிறுத்தம் வேறு வரும்.

தமிழர் வீட்டில் ஒரு ரூம் இருக்கிறது, 300 யூரோ, கையில் கொடுத்தால் போதும், பேப்பர் கிடையாது என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் கடைத்தெருவில் விசாரித்தால் இப்படிப்பட்ட அறைகள் சுலபமாகக் கிடைக்கும். நம் மொழி, நம் சாப்பாடு, ஜாமீன் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர்களில் நல்லவர்கள் நிறையப் பேர், காய்ச்சல் வந்தால் ரசம் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பலரே வாடகைக்கு இருப்பவர்கள். வீட்டின் உரிமையாளர் எழுத்துமூலம் சம்மதிக்காமல் உள்வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது, அரசு மலிவு வாடகைக் குடியிருப்பு என்றால் விஷயம் இன்னும் கடுமை, அவர்கள் வீட்டையே இழக்க நேரலாம். அதனால்தான் தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்ட விடமாட்டார்கள், கடிதம் எழுதித் தரமாட்டார்கள்.

பெயர் இல்லையென்றால் முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் வங்கி இழுக்கும், மருத்துவக் காப்பீட்டுக் கடிதம் எங்கேயோ போகும், வீட்டு உதவித்தொகையைக் கேட்கவே முடியாது. எல்லாவற்றையும்விட, அடுத்த வருடம் வசிப்பிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது ஆறு மாதத்துக்குள் உள்ள முகவரி ஆதாரம் கேட்பார்கள். அப்போது நூறு யூரோ, இருநூறு யூரோ கொடுத்து யாரிடமாவது பொய்க் கடிதம் வாங்கும் நிலைக்குப் பிள்ளைகள் தள்ளப்படுகிறார்கள். அது குற்றம், விசாவுக்கே ஆபத்து. நாளைக்கே காலி செய் என்றால் கேட்கவும் நாதி இருக்காது.

அதே வீட்டில், உரிமையாளரின் சம்மதத்தோடு, ஒப்பந்தமும் மாத ரசீதும் தருகிறார்கள் என்றால் நான் முதல் ஆளாகப் போகச் சொல்வேன். வீட்டுக்காரர் தமிழரா பிரெஞ்சுக்காரரா என்பது பிரச்சினை இல்லை. மாத ரசீது நீங்கள் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம்.

வேறு வழியே இல்லாமல் பேப்பர் இல்லாத அறையில் ஒரு மாதம் இருக்க வேண்டி வந்தால், இருங்கள், ஆனால் முதல் நாளிலிருந்தே வேறு இடம் தேடுங்கள். பழகிவிட்டால் கிளம்ப மனம் வராது.

இணையத்தில் வீடு பார்த்தேன், முன்பணம் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?

யாராவது நேரில் பார்க்காத வீட்டுக்கு, ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகாமல், ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

ஏமாற்று விளம்பரங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். பாரிஸின் நடுவில் அழகான ஸ்டூடியோ, 400 யூரோ, பளிச்சென்ற படங்கள். உரிமையாளர் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருப்பார், சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்வார். நம்பிக்கைக்குத் தன் பாஸ்போர்ட் நகலையே அனுப்புவார், அது இன்னொருவரிடம் திருடியது. பணத்தை வெஸ்டர்ன் யூனியன் வழியாகவோ கடைகளில் விற்கும் ரீசார்ஜ் கூப்பன் எண்களாகவோ கேட்பார். கூப்பன் எண் என்ற பேச்சு வந்தாலே மூடிவிட்டுப் போய்விடலாம். வங்கிக் கணக்கு கொடுத்தாலும் எண்ணைப் பாருங்கள், பிரெஞ்சுக் கணக்கு எஃப்ஆர் என்ற எழுத்துகளில் தொடங்கும், வேறு நாட்டுக் கணக்கு என்றால் ஏன் என்று கேளுங்கள்.

சித்தப்பா, அக்கா, சீனியர் யாராவது அந்த ஊரில் இருந்தால் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். யாருமே இல்லையென்றால் வீடியோ காலில் வீட்டுக்காரரை வாசலிலிருந்து உள்ளே நடக்கச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து தெருவைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையானவர் செய்வார். படங்களைக் கூகுளில் தேடிப் பாருங்கள், அதே படம் வேறு ஊர் விளம்பரத்திலும் இருக்கும். க்ரூஸ், பல்கலைக்கழகத்தின் மூலம் கிடைக்கும் விடுதி, பெயர் பெற்ற மாணவர் குடியிருப்பு, இவற்றுக்கு மட்டும் இங்கிருந்தே பணம் கட்டலாம், அதுவும் அவர்களுடைய சொந்த இணையதளம்தானா என்று பார்த்துவிட்டு.

அட்வான்ஸ் எவ்வளவு? முதல் மாதம் கையில் எவ்வளவு வேண்டும்?

நம்ம ஊர் மாதிரி பத்து மாதமெல்லாம் கிடையாது. பொருட்கள் இல்லாத காலி வீட்டுக்கு ஒரு மாத வாடகை, கட்டில், மேசை, அடுப்பு எல்லாம் போட்ட வீட்டுக்கு அதிகபட்சம் இரண்டு மாத வாடகை. அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். ஏஜென்சி கமிஷனுக்கும் சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று வரம்பு உண்டு, பாரிஸில் சுமார் 12 யூரோ, மற்ற நெருக்கடியான ஊர்களில் சுமார் 10, கூடவே குடிபோகும் நாளில் வீட்டின் நிலையை எழுதுவதற்கு 3.

லியோனில் 18 சதுர மீட்டர் ஸ்டூடியோ, பொருட்களோடு 500 யூரோ என்று வையுங்கள். முதல் மாத வாடகை 500, அட்வான்ஸ் 1000, கமிஷன் 18 பெருக்கல் 13, அதாவது 234. மொத்தம் 1734 யூரோ, ஒன்றே முக்கால் லட்ச ரூபாய். இதில் போர்வை, பாத்திரம், குளிர் கோட்டு எதுவும் சேரவில்லை. வீட்டு இன்ஷூரன்ஸ் கட்டாயம், மாதம் சில யூரோதான், ஆனால் அந்தச் சான்று இல்லாமல் சாவி தரமாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் என்ன வகை நல்லது?

பொருட்களோடு உள்ள வீட்டுக்கு ஒரு வருட ஒப்பந்தம், மாணவர்களுக்கென்று 9 மாத ஒப்பந்தம், இரண்டும் உண்டு. எதுவானாலும் நீங்கள் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம். 1 முதல் 10 மாதத்துக்கு பாய் மொபிலித்தே என்று ஒன்று இருக்கிறது, அதற்கு அட்வான்ஸே வாங்கக் கூடாது. ஒரு செமஸ்டருக்கு மட்டும் போகிறவர்களுக்கும் இன்டர்ன்ஷிப் போகிறவர்களுக்கும் அருமையானது.

காஃப் பணம் கொடுக்குமாமே?

காஃப் என்பது குடும்ப நல உதவி அலுவலகம், வாடகையில் ஒரு பகுதியை மாதாமாதம் கொடுத்துவந்தது, வெளிநாட்டு மாணவர்களுக்கும் சேர்த்து. ஸ்காலர்ஷிப் இல்லாத, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்கு இதை நிறுத்தும் திட்டத்தை 2026 பட்ஜெட்டுக்காகப் பிரெஞ்சு அரசு முன்வைத்தது. சீனியர் அண்ணன் 200 யூரோ வாங்கினான் என்பதை வைத்து நீங்கள் கணக்குப் போட வேண்டாம். அந்தப் பணம் இல்லாமலே கட்ட முடிகிற வாடகைக்குத்தான் வீடு பாருங்கள். உங்களுக்கு உரிமை உண்டா என்று காஃப் இணையதளத்திலேயே சரிபார்த்து, உண்டு என்றால் குடிபோன உடனே விண்ணப்பியுங்கள், தாமதித்த மாதங்களுக்குப் பின்னால் சேர்த்துத் தரமாட்டார்கள்.

எங்கள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். எனக்கும் இதே விதிகளா?

இல்லை. 1962-ல் விருப்பம் தெரிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருந்தால் நீங்கள் வெளிநாட்டு மாணவர் அல்ல. பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்து க்ரூஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், அது கிடைத்தால் விடுதியிலும் முன்னுரிமை. காஃப் விஷயத்தில் மேலே சொன்ன தடையும் உங்களுக்கு இல்லை. உதவித்தொகை, விடுதி இரண்டுக்கும் ஒரே விண்ணப்பம்தான், வசந்த காலத்தில் திறந்து மே மாதத்தோடு முடியும். ஜூலையில் நினைத்துக்கொண்டு ஓடி வருபவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது, அத்தனை பெரிய உரிமை ஒரு தேதியில் போய்விடுகிறது.

என் பொண்ணு தனியாகப் போகிறாள். எங்கே பாதுகாப்பு?

அம்மா, க்ரூஸ் கிடைத்தால் அதுதான் முதல். அடுத்தது ஃபுவாயே எனப்படும் மாணவியர் இல்லங்கள், கன்னியாஸ்திரிகள் நடத்துபவையும் உண்டு, எந்த மதத்தவரும் தங்கலாம், பலவற்றில் இரவுச் சாப்பாடும் சேர்த்து. இரவு இத்தனை மணிக்குள் வர வேண்டும் என்ற விதி சிலவற்றில் இருக்கும், ஆய்வுக்கூடத்தில் நேரம் ஆகும் படிப்பு என்றால் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இங்கே பலருக்குத் தெரியாது. தனியாக வாழும் முதியவர் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கலாம். மாலையில் கூட இருப்பது, கடைக்குப் போய் வருவது போன்ற சின்ன உதவிகளுக்காக வாடகை மிகக் குறைவாக இருக்கும், சில இடங்களில் இல்லவே இல்லை. இதற்கென்றே சங்கங்கள் இருக்கின்றன, சட்டத்திலும் இடம் உண்டு, ஒப்பந்தம் போடுவார்கள். பாட்டி வீட்டில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே பொருந்தும், பிரெஞ்சும் வேகமாக வந்துவிடும்.

மற்ற வீடுகளுக்கு, ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் பாதையை இரவு ஒன்பது மணிக்கு யாரையாவது நடந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பேட்டையின் பேரைக் கேட்டுப் பயப்படுவதைவிட இது உருப்படியானது.

9 சதுர மீட்டர் என்றால் எவ்வளவு சின்னது?

மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், அவ்வளவுதான். அதற்குக் கீழே உள்ள அறையை வாடகைக்கு விட முடியாது என்பது பொதுவான விதி, 2 மீட்டர் 20 சென்டிமீட்டர் உயரமும் வேண்டும். பாரிஸில் பழைய கட்டடங்களின் மேல்மாடியில், முன்பு வேலைக்காரர்கள் தங்கிய அறைகள் இருக்கும். ஏழு மாடி, லிஃப்ட் இருக்காது, கழிப்பறை நடையில் பொதுவாக இருக்கலாம், துத்தநாகக் கூரைக்கு அடியில் கோடையில் வெந்துபோகும். படிப்பதற்கு அமைதியாக இருக்கும் என்பதும் உண்மை. 

குளிர்காலக் கரண்ட் பில் பற்றிச் சொல்கிறார்களே?

கேட்க வேண்டிய கேள்வி. விளம்பரத்தில் வாடகை மட்டுமா, ஷார்ஜும் (கட்டடப் பராமரிப்பு, தண்ணீர் போன்ற செலவுகள்) சேர்த்தா என்று பாருங்கள். கட்டடம் முழுவதற்கும் பொதுவான ஹீட்டிங் என்றால் செலவு பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அறைக்கு அறை மின்சார ஹீட்டர் என்றால் பில் உங்களுடையது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கடிக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஏ முதல் ஜி வரை ஆற்றல் தரம் போட்டிருப்பார்கள், 2025 ஜனவரி 1 முதல் ஜி தர வீட்டைப் புதிதாக வாடகைக்கு விடக் கூடாது. எஃப் தரத்தையும் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள், வாடகையில் மிச்சம் பிடித்த 40 யூரோ ஹீட்டரில் போய்விடும்.

சமைக்க விடுவார்களா?

விடுவார்கள். பெரும்பாலும் மின்சார அடுப்புதான், ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள், புகை அலாரம் எல்லா வீட்டிலும் கட்டாயம். பகிர்ந்து வாழும் வீடென்றால் கருவாடு வறுக்கும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குள் நுழையும் நாளில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எத்தா தெ லியூ. சுவர், தரை, குழாய், மெத்தை, ஸ்பூன் வரை எது எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டுக்காரரும் நீங்களும் எழுதிக் கையெழுத்துப் போடும் தாள். கூச்சப்பட்டு அவசரமாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு கறையையும் எழுதச் சொல்லுங்கள், தேதியோடு படம் எடுங்கள், எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் 10 நாளுக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்க உரிமை உண்டு. ஹீட்டரைக் கோடையில் சோதிக்க முடியாது என்பதால், ஹீட்டிங் காலம் தொடங்கிய முதல் மாதத்தில் அதைப் பற்றித் திருத்தம் கேட்கலாம்.

வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் யாரிடம் போவது?

ஆதில் என்ற அலுவலகம் ஏறக்குறைய எல்லா மாவட்டத்திலும் உண்டு, வீட்டுச் சட்டம் பற்றி இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அதனால் கெட்டுப்போகும்.

படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அட்வான்ஸ் திரும்ப வருமா?

ஒரு மாதம் முன்பே பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, அந்த ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் மறுபடியும் எத்தா தெ லியூ எழுதுவார்கள். நுழைந்தபோது எழுதியதோடு ஒத்துப்போனால் ஒரு மாதத்துக்குள், ஏதாவது பழுது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இரண்டு மாதத்துக்குள் அட்வான்ஸைத் தர வேண்டும். அதற்கு மேல் இழுத்தால், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் மாத வாடகையில் 10 சதவீதம் கூடுதலாகச் சேரும். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்று நம்ம ஊர்ப் பழக்கத்தில் சொல்லக் கூடாது, அங்கே அது செல்லாது. பணம் வந்து சேர ஒன்றிரண்டு மாதம் ஆகும் என்பதால் பிரெஞ்சு வங்கிக் கணக்கை மூடிவிட்டு விமானம் ஏறாதீர்கள், புதுச்சேரி முகவரியை வீட்டுக்காரருக்கு எழுத்தில் கொடுத்துவிட்டு, அட்வான்ஸ் கணக்கில் ஏறிய பிறகு இங்கிருந்தே கடிதம் போட்டு மூடிக்கொள்ளலாம்.